விண்ணின் ஒலியைக் கேட்டவர்

கார்ல் ஜான்ஸ்கி 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிறந்தார். இயற்பியல் பயின்ற அவர், 1928இல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்தார். கடல் கடந்த வானொலித் தொலைபேசி உரையாடல்களில் குறுக்கிடும் இரைச்சலுக்குக் காரணம் காண்பதே அவருடைய பணி.

அதற்காக, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அலைவாங்கியை அமைத்து, ஃபோர்டு காரின் நான்கு சக்கரங்களின்மீது சுழலவிட்டார். இரைச்சலின் பெரும்பகுதி இடிமின்னலால் உண்டானது. ஆனால், மெல்லிய சீறல் ஒலி ஒன்று மட்டும் புதிராகவே இருந்தது. முதலில் அவர் சூரியனையே ஐயுற்றார். எனினும், அவ்வொலி 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை உச்சத்தை எட்டியது. விண்மீன்கள் வானை ஒருமுறை சுற்றிவரும் காலமும் அதுவே! ஆகவே, அது பால்வீதியின் மையத்திலிருந்து வருகிறது என 1933இல் அறிவித்தார்.

மேலும் ஆராயப் பெரிய அலைவாங்கி வேண்டுமென்று அவர் கேட்டார். நிறுவனமோ வேறு பணியைத் தந்தது. 1950இல், தம் 44ஆம் வயதில் ஜான்ஸ்கி மறைந்தார்.

இன்று, நீள்வட்ட விண்மீன் மண்டலங்களின் மையத்திலிருந்து பீறிடும் வானொலித் தாரைகளை அறிஞர்கள் ஆராய்கின்றனர். பூமியை எட்டும் அவ்வலைகளின் வலிமையை அளக்கும் அலகின் பெயர் ஜான்ஸ்கி.