கள்ளுக்கடைகளை மூடிய தொரப்பள்ளிக்காரர்

பீன்யாவில் லேத்துப் பட்டறையிலும் பிரஸ் ஷாப்பிலும் வேலை பார்க்கும் தமிழர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல் என்று பதில் வருவது வழக்கம். இந்த ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே ஜில்லாவாக இருந்தவை. அதுதான் பழைய சேலம் ஜில்லா. 1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அந்த ஜில்லா முழுவதிலும் கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனையும் ஒரே நாளில் மூடப்பட்டன. மூட உத்தரவு போட்டவர் அதே ஜில்லாவில் பிறந்தவர்; பெங்களூரில் படித்தவர். அவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் என்ற ராஜாஜி.

ராஜாஜி என்றதும் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியும் நினைவுக்கு வரும். சுதந்திர இந்தியாவின் ஒரே இந்தியக் கவர்னர் ஜெனரல், மூதறிஞர், ராமாயணம் எழுதியவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். 1938-ல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதற்கும், 1953-ல் அரை நேரப் படிப்புத் திட்டம் கொண்டுவந்ததற்கும் அவரை மன்னிக்காத தமிழர்கள் இன்றும் உண்டு. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் குடிகாரன் வீட்டு வாசலில் அவர் போய் நின்ற கதை அதிகம் பேசப்படுவதில்லை.

முன்சீப் வீட்டுப் பையன்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பரில் ராஜாஜி பிறந்தார். தந்தை வெங்கடார்ய ஐயங்கார் அந்தக் கிராமத்து முன்சீப். தாயார் சிங்காரம்மாள். பையனை ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். பீன்யாவில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறிக்கொண்டால் அடுத்த ஸ்டேஷனுக்கே அந்தக் காலேஜின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பி.ஏ. முடித்தபின் சென்னையில் சட்டம் படித்து, 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளில் பெயர் வந்தது, பணமும் வந்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார்.

வீட்டில் விதி வேறு மாதிரி விளையாடியது. மனைவி அலமேலு மங்கம்மாள் நோயில் இறந்துபோனார். ராஜாஜிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. கையில் ஐந்து குழந்தைகள். மறு கல்யாணம் சர்வ சாதாரணமாக நடந்த காலம் அது, அவர் செய்துகொள்ளவில்லை. தகப்பனாரே தாயாகவும் இருந்து குழந்தைகளை வளர்த்தார். பின்னாளில் மூத்த மகள் நாமகிரி இளம் வயதிலேயே கணவரை இழந்து தந்தையின் வீட்டுக்கே திரும்பி வந்தார். கடைசிவரை தந்தையோடு இருந்து வீட்டைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. ராஜாஜியைக் கல் நெஞ்சுக்காரர், வறட்டு ஆசாமி என்று சொன்னவர்கள் உண்டு. சாவு விழுந்த வீடு எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல.

ஒத்துழையாமை இயக்கம் வந்தது. நல்ல வருமானம் தந்த தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போய் மூன்று மாதம் இருந்து வந்தார். கள்ளுக்கடை மறியல் தமிழ்நாடு எங்கும் நடந்த நேரம் அது. பெரியார் ஈ.வெ.ரா. கள் இறக்கக் கூடாது என்று தம் சொந்தத் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்ததும் அப்போதுதான். ஆனால் மறியல் நடக்கிற அன்று காலியாக இருக்கும் கடை, மறியல்காரர் ஜெயிலுக்குப் போனதும் நிரம்பி வழிந்தது. கடை வாசலில் நின்று தடுப்பது மட்டும் போதாது என்பதை ராஜாஜி அப்போதே கண்டுகொண்டார் என்றுதான் அதன்பின் அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் தோன்றுகிறது.

புதுப்பாளையத்துக் குடிசை

1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. நிலம் கொடுத்தவர் உள்ளூர் ஜமீன்தார். சேலத்தில் பெரிய வக்கீலாக இருந்த மனிதர் பிள்ளைகளோடு குடிசையில் குடியேறினார். அவருக்கு ஆஸ்துமா தொல்லை வேறு.

அந்தச் சீமை அப்போது மழை இல்லாமல் காய்ந்து கிடந்தது. காட்டில் வேலை இல்லை, வீட்டில் தானியம் இல்லை. ஆசிரமத்தார் முதலில் கொடுத்தது உபதேசம் அல்ல, பஞ்சு. கிராமத்துப் பெண்கள் பஞ்சை வாங்கிப் போய் ராட்டையில் நூற்றுக் கொண்டுவந்தால் கூலி கிடைக்கும். கூலி கொஞ்சம்தான். ஆனால் அது பெண்பிள்ளை கையில் வருகிற காசு. சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போகாத காசு. நூலை நெய்யத் தறிக்காரர்களுக்கு வேலை கிடைத்தது. கதர் விற்பனைக்குப் போனது.

அடுத்தது வைத்தியம். சுற்று வட்டாரத்துக்கு ஆஸ்பத்திரி கிடையாது. ஆசிரமத்தில் ஒரு சிறு வைத்தியசாலை நடந்தது. காய்ச்சல், புண், கண் நோய் என்று ஜனங்கள் வந்தார்கள். சேரிகளில் குடிதண்ணீருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். ஆசிரமத்தில் ஹரிஜனப் பிள்ளைகளும் சேர்ந்து இருந்து சாப்பிட்டார்கள். ஊரில் சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள். ராஜாஜி அசைந்து கொடுக்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் குடியைப் பற்றிய பேச்சு. கூலி கொடுத்த கை, மருந்து கொடுத்த கை, கிணறு வெட்டிய கை அல்லவா? அது சொன்னால் குடிகாரனும் கொஞ்சம் நின்று கேட்பான். ஊர் ஊராக நடந்தார்கள். பெண்களிடம் பேசினார்கள், ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார்கள். இன்றைக்குக் குடிநோய்க்கு ஆஸ்பத்திரி உண்டு. நம் பெங்களூர் நிம்ஹான்ஸில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குடித்தவரைக் கேவலப்படுத்தாதே, குடும்பத்தையும் சேர்த்துக் கூப்பிட்டுப் பேசு, மாலை நேரத்துக்கு வேறு வேலை கொடு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். டாக்டர் பட்டம் இல்லாத ஆசிரமத்தார் பட்டறிவால் அதே வழியில்தான் போனார்கள்.

பத்திரிகையும் வந்தது. 1929-ல் விமோசனம் என்ற மாதப் பத்திரிகையை ராஜாஜி ஆரம்பித்தார். முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஒரு தமிழ்ப் பத்திரிகை! உதவி ஆசிரியராக வந்து ஆசிரமத்திலேயே தங்கியவர் பிற்காலத்தில் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி. குடியால் கெட்ட குடும்பங்களைப் பற்றிக் கதைகளும் படங்களும் வந்தன. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் படம் பார்த்தால் புரிய வேண்டும் என்பது ஏற்பாடு. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து போய்ச் சிறைப்பட்டார். பத்திரிகை சில இதழ்களோடு நின்றுபோயிற்று.

கடைகள் மூடிய நாள்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை ராஜதானியின் பிரதம மந்திரி ஆனார். அந்நாளில் மாகாண முதல்வரைப் பிரதம மந்திரி என்றுதான் அழைப்பார்கள். மூன்று மாதம் ஆவதற்குள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்துவிட்டது. 1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களிலும், 1939-ல் வட ஆற்காட்டிலும் கடைகள் மூடப்பட்டன.

ராஜதானியின் வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கள், சாராயத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு சர்க்கார் எப்படி நடத்துவது? அதற்காகவே 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். இன்றைக்கு நாம் கடையில் வாங்குகிற பொருளுக்கெல்லாம் கட்டுகிற வரியின் பாட்டன் அதுதான். கள்ளை மூடுவதற்காக வந்த வரி நிலைத்துவிட்டது. கள்ளுக்காசும் திரும்பி வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வசூலிக்கலாம் என்று அன்றைக்கு ராஜாஜி நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

சேலத்தில் கடைகளுக்குப் பூட்டுப் போட்டதோடு விட்டுவிடவில்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவன் எங்கே போவான்? யாரோடு உட்கார்ந்து பேசுவான்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கடையை மூடினால் அவன் கள்ளச் சாராயத்தைத் தேடிப் போவான். எனவே டீக்கடைகள், பஜனை, நாடகம், கூத்து, விளையாட்டு, சேமிப்புச் சங்கம் என்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. பீன்யாவில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, ஷிப்ட் முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரும் இளைஞர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

மரம் ஏறிப் பிழைத்தவர்களின் பாடு இன்னொரு பக்கம். கடை மூடியதும் அவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சலாம் என்று வழி காட்டினார்கள். சிலர் அதில் தேறினார்கள். கள் விற்ற வருமானம் வெல்லத்தில் வராது என்பதும் உண்மைதான்.

1939 அக்டோபரில், உலகப் போரில் இந்தியாவைக் கேளாமலே இழுத்துவிட்டதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமா செய்தன. போர்க் காலத்திலேயே வெள்ளைக்கார நிர்வாகம் மதுவிலக்கை நிறுத்தி வைத்துக் கடைகளைத் திறந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948 அக்டோபர் 2-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், மதுவிலக்கு ராஜதானி முழுவதற்கும் வந்தது. அப்போது ராஜாஜி டெல்லியில் கவர்னர் ஜெனரல்.

சட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. ஆனால் புதுப்பாளையத்தில் பஞ்சும் மருந்தும் கொண்டுபோன ஆட்கள் ஒவ்வொரு ஊருக்கும் எங்கிருந்து வருவார்கள்? அந்த வேலையைப் போலீஸ்காரர் தலையில் கட்டினார்கள். காட்டில் ஊறல் பானை பெருகியது, மாமூலும் பெருகியது. அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்குச் சட்டம் இருந்து, கள்ளக் கடத்தல்காரர்கள் கொழுத்ததுதான் மிச்சம். ராஜாஜியின் திட்டத்தில் பலமான பாகம் ஆசிரமம், பலவீனமான பாகம் போலீஸ்.

92 வயதில்

1971-ல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவு செய்தது. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்குத்தான் மத்திய அரசின் உதவி. ஏற்கெனவே நடத்தி வருகிற தமிழ்நாட்டுக்கு இல்லை என்ற மனக்குறையும் அரசுக்கு இருந்தது. நியாயமான குறைதான். ராஜாஜிக்கு அப்போது 92 வயது. கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், கடையைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1967-ல் தி.மு.க.வோடு கூட்டணி அமைத்துக் காங்கிரசைத் தோற்கடித்தவர். அந்த உரிமையிலும் கேட்டார் என்று கொள்ளலாம். முதலமைச்சர் மரியாதையோடு உபசரித்தார். முடிவு மாறவில்லை. 1971 ஆகஸ்ட் 30 முதல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. ஒரு தலைமுறையே கடையைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்திருந்தது. அந்த ஊர்களில் மீண்டும் கடை திறந்தது.

1972 டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி சென்னையில் காலமானார். அடுத்த ஆண்டே, 1973-ல், அதே அரசு கள்ளுக்கடைகளை மூடியது. 1974-ல் சாராயக்கடைகளையும் மூடியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1981-ல் கடைகள் மறுபடியும் திறந்தன. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது.

பெங்களூரும் இதில் தப்பவில்லை. 1981 ஜூலையில் இதே நகரத்தில் விஷச் சாராயம் குடித்து 300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் ஏழைபாழைகள். கர்நாடகத்தில் சாராய விற்பனைக்குத் தடை வந்தது 2007-ல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர் அதே மாதிரி மாண்டார்கள்.

ராஜாஜி எழுதிய திக்கற்ற பார்வதி என்ற கதை, வண்டிக்காரக் குடும்பம் ஒன்று கணவனின் குடியால் சீரழிவதைச் சொல்வது. 1974-ல் சிங்கீதம் சீனிவாசராவ் அதைப் படமாக எடுத்தார். ஸ்ரீகாந்தும் லட்சுமியும் நடித்த அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. படப்பிடிப்பு நடந்த இடம் தொரப்பள்ளி. அங்கே ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. புதுப்பாளையம் காந்தி ஆசிரமமும் நூறு வயதைத் தாண்டிக் கதர் விற்றுக்கொண்டு நடந்துவருகிறது.