துறைமுக எழுதுவினைஞரும் தவறவிட்ட ஓர் எண்ணும்

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் உப்புவெளியில் சில வீடுகளில் பேச்சே இருக்காது. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடும் பெற்றோரை ஆசிரியர் என்ற வகையில் பார்த்து வருகிறேன். அவர்களுக்காகவே கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் கதையை இங்கு எழுதுகிறேன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். பாடசாலையில் திறமையான மாணவர். கல்லூரியிலோ கணிதத்தில் மட்டும் மூழ்கி, ஏனைய பாடங்களில் தவறினார். புலமைப்பரிசில் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் அதே நிலைதான். பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். இராமானுஜனின் குறிப்புகளின் பெறுமதி அவருக்குப் புரிந்தது. துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணைநின்றார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது. 12க்கு 6 காரணிகள், 24க்கு 8 காரணிகள். இரண்டும் அவ்வகை எண்களே. எமது வாரிசுரிமைப் பங்கீட்டில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என வரும்போது சொத்தை 24 பங்காகக் கொள்வதும், அந்த எண் 8ஆலும் 6ஆலும் மீதியின்றி வகுபடுவதால்தான்.

இராமானுஜனின் அட்டவணையில் இத்தகைய 102 எண்கள் உள்ளன. கடைசி எண் 6746328388800. அதற்கு 10080 காரணிகள். ஆறு 2கள், நான்கு 3கள், இரண்டு 5கள், இரண்டு 7கள், பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் அந்த எண் வரும். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த வேலை இது.

ஆனால் அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். அதை 23ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே கிடைக்கும்! அவ்வளவு அருகில் இருந்தும் தவறவிட்டார். அதற்காக அந்தக் கட்டுரையை எவரும் ஒதுக்கவில்லை. அந்த ஆய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918இல் றோயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயுடன் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் 32 வயதில் காலமானார்.

துறைமுகத்தில் நாராயண ஐயர் அவருடைய பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் பார்த்திருந்தால், இந்த எண்கள் ஒரு பழைய கொப்பியோடு போயிருக்கும். எல்லாப் பிள்ளைகளும் இராமானுஜன் ஆகப்போவதில்லை. ஆனாலும் தவறிய பாடத்துக்கு மீண்டும் தோற்றலாம். பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன், அவன் சித்தியடைந்த பாடங்களையும் ஒருமுறை பாருங்கள்.