சிற்றன்னை சொன்ன கதைகள்

கதைகளில் வரும் சிற்றன்னை பெரும்பாலும் கொடுமைக்காரி. பண்டிதர் ச. ம. நடேச சாஸ்திரியாரின் வாழ்க்கையிலோ கதைகளைத் தந்தவரே சிற்றன்னைதான். 1859இல் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்ட பெண்மணி அந்தப் பிள்ளையை அன்பாக வளர்த்தார், கதைகளும் சொன்னார்.

பன்மொழி கற்றுத் தொல்லியல் துறையில் பணியாற்றிய சாஸ்திரியார், கல்லில் பொறிக்கப்படாத சொல்லுக்கும் மதிப்புண்டு என்று கண்டவர். 1884 முதல் தென்னிந்திய நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் பல பாகங்களாக வெளியிட்டார். 1886இல் ‘திராவிட பூர்வகாலக் கதைகள்’ தமிழில் வந்தது. அதே ஆண்டில் மதனகாமராஜன் கதையையும் ஆங்கிலத்தில் தந்தார். ஆமையாகப் பிறந்து மனித உருவெடுக்கும் இளவரசன் அதிலே வருகிறான். 1890இல் கிங்ஸ்கோட் சீமாட்டியோடு சேர்ந்து அவர் தொகுத்த கதைநூல் லண்டனில் வெளியானது. 1900இல் ‘தீனதயாளு’ என்னும் நாவலை எழுதினார். 1906இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே காலமானார்.

இப்படிச் சேர்த்து வைப்பவர் இல்லாவிட்டால் என்னவாகும்? அந்தோனினஸ் லிபராலிஸ் என்ற பண்டைக் கிரேக்க நூலாசிரியர், மனிதர் பறவையாகவும் மரமாகவும் கல்லாகவும் மாறும் 41 கதைகளைத் தொகுத்தார். அந்த நூல் நமக்குக் கிடைத்தது ஒரேயொரு கையெழுத்துப் பிரதியால். ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் உள்ள அந்தப் பிரதி அழிந்திருந்தால் நூலும் அழிந்திருக்கும்.

நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2004 சுனாமி கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் மனிதர்களைக் கொண்டுபோனது. அவர்களோடு அவர்கள் மனதில் இருந்த கதைகளும், கவிகளும், நொடிகளும் போய்விட்டன. தப்பியவர்களிடம் இருப்பதும் நிலையானதல்ல. மறதிநோயோடு என்னிடம் வரும் மூத்தம்மாமாரில் சிலருக்குப் பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டது, தாலாட்டு மட்டும் மறக்கவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும்.

நமது பாடசாலை நூறு வருடங்களாகப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்திருக்கிறது. பாடசாலை வாசலை மிதிக்கக் கிடைக்காத நம் மூத்தம்மாமாருக்காக அந்த எழுத்தைப் பயன்படுத்துவோம். கையிலுள்ள தொலைபேசியில் ஒரு கதையைப் பதிவுசெய்து, கொப்பியில் எழுதி வையுங்கள், சகோதரிகளே. சாஸ்திரியார் தன் சிற்றன்னையை மறைக்காமல் சொன்னது போல, கதை சொன்னவரின் பெயரையும் ஊரையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.