பிளேக்கை எதிர்த்து நின்ற ஹாப்கின்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே வருஷநாட்டு மலைகளும் அணைகட்ட, நடுவே முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் செழுமையை நம் நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செழுமைக்குப் பின்னே ஒரு பயங்கரம் பல்லாண்டுகள் குடியிருந்தது என்பதை இக்காலத்து வாலிபர் பலர் அறியார். நெற்குதிர் நிறைந்த வீட்டில் எலி நிறையும். எலி நிறைந்த வீட்டில் அதன் மயிரடியில் வாழும் தெள்ளுப்பூச்சி நிறையும். அந்தத் தெள்ளின் வயிற்றில் பிளேக் கிருமி புகுந்துவிட்டால் ஊர் காலி. கூரையிலிருந்து எலி செத்து விழுந்ததும், பிளேக் கண்ட ஊர்களில் ஜனங்கள் வீடு வாசலைப் பூட்டிக்கொண்டு தோப்புகளிலும் மேட்டு நிலங்களிலும் குடிசை போட்டுத் தங்கிய காலம் ஒன்று இருந்தது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று அம்பிகைக்கு இன்றும் வழங்கும் நாமமே அக்காலத்துக்குச் சாக்ஷி.

இந்த மகாமாரியை எதிர்த்துத் தன் உடம்பையே முதலில் ஒப்புக்கொடுத்த ஒரு மனிதரின் சரித்திரத்தை இன்று எழுதத் துணிகிறோம். அவர் இந்தியரல்லர், நம்மை ஆண்ட ஜாதியாருமல்லர். தம் சொந்த தேசத்திலேயே அந்நியராக நடத்தப்பட்டவர். பெயர் வால்டெமார் ஹாப்கின்.

1860-ஆம் வருஷம் மார்ச் மாதம் ருஷிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒடெஸ்ஸா சர்வகலாசாலையில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாப் என்ற பேராசிரியரிடம் பிராணி சாஸ்திரம் பயின்றார். கொடுங்கோலாட்சி நடந்த காலம் அது. மாணவர் ஹாப்கின் புரட்சிக் கூட்டத்தாரோடு பழகினார். போலீஸார் அவரைப் பலமுறை பிடித்துச் சிறையில் வைத்தனர். 1881-இல் யூதர்களின்மேல் கலகக்காரர்கள் பாய்ந்தபோது தம் இனத்தாரைக் காக்க நின்று காயமும் பட்டார். யூதராயிருந்தபடியால் சர்வகலாசாலையில் பெரிய உத்தியோகம் அவருக்குக் கிட்டவில்லை. 1888-இல் தேசத்தை விட்டு ஸ்விட்ஸர்லாந்து சென்றார். அடுத்த வருஷம் பாரிஸில் பாஸ்ட்யூரின் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. என்ன இடம்? புஸ்தகசாலைக் காரியஸ்தர் வேலை. பகலில் ஏடுகளை அடுக்கிவைத்து, மிஞ்சிய நேரத்தில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். 1892 ஜூலையில் தாம் தயாரித்த காலரா மருந்தைத் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டு பரீக்ஷித்தார்.

ஐரோப்பாவில் அம்மருந்தைச் சந்தேகித்தவர்களே அதிகம். காலரா எங்கே உறைகிறதோ அங்கேயே சென்று அதன் பலத்தைக் காட்டுவதென்று 1893-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். 1894-இல் கல்கத்தாவின் சேரிகளில், வங்காள வைத்தியர்கள் சிலரைத் துணையாகக் கொண்டு வீடு வீடாக நுழைந்தார். ஜனங்கள் அஞ்சினர், கல்லெறிந்தவர்களும் உண்டு. வலுக்கட்டாயம் செய்யாமல், விரும்பி முன்வந்தவர்களுக்கே ஊசி குத்தினார். ஒரே வீட்டில் குத்திக்கொண்டவரையும் குத்திக்கொள்ளாதவரையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார். இந்த ஒப்புநோக்கும் முறை அக்காலத்து வைத்தியருள் பலருக்குப் புதிது. இரண்டு வருஷங்களில் 40,000 பேருக்கு மேல் அவர் கையால் ஊசி பெற்றனர். முடிவில் மலேரியாவே அவரைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்துக்கு அனுப்பிற்று.

1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. இதற்கு இரண்டு வருஷம் முன்புதான் ஹாங்காங்கில் யெர்ஸின் என்பவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆயினும் அது எலியிலிருந்து மனிதனுக்கு எந்த வழியாக வருகிறதென்று ஒருவருக்கும் தெரியாது. அவ்வருஷம் அக்டோபரில் ஹாப்கின் பம்பாய் வந்து சேர்ந்தார். கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடையும், ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களும் அவருக்குக் கொடுக்கப்பட்டன. இரவும் பகலும் உழைத்தார். 1897 ஜனவரி 10-ந் தேதி புதிய பிளேக் மருந்தைத் தமக்கே குத்திக்கொண்டு, காய்ச்சலோடு வேலையை நடத்தினார். அம்மாத முடிவில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தபோது, இசைந்த கைதிகளுக்கு ஊசி குத்தி, குத்திக்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மருந்து பலித்தது. ஆகாகான் பகிரங்கமாகத் தாமே ஊசி குத்திக்கொண்டு தம் சமூகத்தாரின் அச்சத்தைப் போக்கினார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அதே 1897-இல் சர்க்கார் கையாண்ட வழி என்ன? பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் என்ற ஒன்றை அவசரமாக நிறைவேற்றினர். சில பக்கங்களே கொண்ட அச்சட்டம் அதிகாரிகளுக்கு ஏறக்குறைய எல்லையில்லா அதிகாரம் அளித்தது. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்தனர். சாமான்களை வீதியில் எறிந்தனர். ஸ்திரீகளின் மானத்தை மதிக்கவில்லை. ஜூன் 22-ந் தேதி பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். சாபேகர் சகோதரர்கள் தூக்கிலேறினர். லோகமான்ய திலகர் ராஜத்துவேஷக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதச் சிறை பெற்றார். அச்சட்டம் நெடுங்காலம் உயிரோடிருந்து, 2020-இல் கொரோனா வந்தபோதும் எடுத்தாளப்பட்டதென்றால், சட்டங்களுக்கு நம் தேசத்தில் எத்தனை நீண்ட ஆயுள் என்று வியக்கத்தான் வேண்டும். ஒரே நோய்க்கு ஒரு பக்கம் துப்பாக்கியும் மறுபக்கம் ஊசியும் வந்தன. ஜனங்களுக்கு இரண்டும் ஒரே சர்க்காரின் கையாகத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன? ஊசியில் விஷம் இருக்கிறதென்ற வதந்தி பரவியதற்கு ஜனங்களின் அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்பவர் பூனாவை மறந்து பேசுகிறார்கள்.

1899-இல் பம்பாய்ப் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகை ஹாப்கினுடைய ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கிருந்து எல்லா மாகாணங்களுக்கும் மருந்து சென்றது. 1902 அக்டோபர் 30-ந் தேதி பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி குத்தப்பட்டது. அவர்களில் 19 பேர் தசைப்பிடிப்பு ஜன்னியால் மாண்டனர். 19 பேரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள்.

சர்க்கார் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. நியாயாதிபதி தலைமை வகித்த அக்கமிஷன் குற்றத்தைப் பரேல் நிலையத்தின்மேல் போட்டது. கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய முறையை விட்டு, உஷ்ணத்தால் மட்டும் சுத்தி செய்யும் முறைக்கு ஹாப்கின் மாறியிருந்ததே அதற்கு ஆதாரம். அவர் பதவி இழந்தார்; சம்பளம் இழந்தார்; பெயரும் இழந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இவ்வழக்கின் சாக்ஷியங்களைப் பார்க்கையில் மனம் கொதிக்கிறது. அந்தக் குப்பி பரேலில் நிரப்பப்பட்டு 41 நாட்கள் ஆகியிருந்தன. அவ்வளவு நாள் ஜன்னிக் கிருமி உள்ளே வளர்ந்திருந்தால் குப்பி திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்க வேண்டும். திறந்த டாக்டரோ அதில் வாடையில்லை என்றார். மேலும், தக்கையை எடுக்கும் இடுக்கியை ஓர் உதவியாளர் தரையில் தவறவிட்டு, சரிவரச் சுத்தி செய்யாமல் அதையே உபயோகித்தார் என்பதும் பதிவாகியிருந்தது. மண்ணிலே வாழும் கிருமி அது. கிராமத்து மண்ணில் விழுந்த இடுக்கியை விட்டுவிட்டு, 41 நாட்களுக்கு முன் பம்பாயில் நடந்த காரியத்தைத் தேடிப்போன தீர்ப்பை என்னவென்பது? அறிக்கையை வெளியிடவே வருஷங்கள் கடந்தன. 1907-இல் மலேரியா ஆராய்ச்சியால் கீர்த்தி பெற்ற ரொனால்டு ராஸ் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் இவ்வநீதியை வெளியிட்டார். முதன்மையான கிருமி சாஸ்திரிகள் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் குரல் கொடுத்தனர். பிரான்ஸில் டிரைபஸ் என்ற யூத அதிகாரிக்கு நேர்ந்த கதையை அன்றே பலர் இதனுடன் ஒப்பிட்டனர். அவ்வருஷ முடிவில் சர்க்கார் அவரை நிரபராதி என்று ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டு செய்ததென்ன? கல்கத்தாவில் ஒரு பெரிய பட்டம். அதற்குரிய அதிகாரம் கிடையாது. மருந்து தயாரிக்க வசதியும் கிடையாது. 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். மணம் செய்துகொள்ளாத அவர் தம் செல்வத்தை யூதப் பாடசாலைகளுக்கென எழுதிவைத்துவிட்டு, 1930 அக்டோபர் 26-ந் தேதி லோஸானில் காலமானார். பரேல் நிலையத்துக்கு 1925-இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1897 முதல் அவ்வருஷம் வரை பம்பாயிலிருந்து வெளியேறிய பிளேக் மருந்து 2 கோடி 60 லட்சம் அளவுகள்.

அவரது மருந்துக்கு வரம்பு இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. அது சாவைப் பெருமளவு குறைத்தது, நோயை வேரறுக்கவில்லை. வேர் எலியிலும் தெள்ளிலும் இருந்தது. 1898-இல் கராச்சியில் ஸிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் தெள்ளே தூதன் என்று காட்டினார். அதை ஏற்க சாஸ்திரிகளுக்குச் சில வருஷங்கள் பிடித்தன. நம் கம்பம் பள்ளத்தாக்கு இந்த ஆராய்ச்சியில் தனி இடம் பெற்றது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் இப்பள்ளத்தாக்கின் பிளேக்கை ஆராய்ந்து எழுதிய நீண்ட கட்டுரை 1934-இல் இந்திய வைத்திய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியாயிற்று. உலகெங்கும் பிளேக் நூலாசிரியர்கள் அதை எடுத்துக் கையாண்டிருக்கிறார்கள்.

பிறகு டிடிடியும் ஸ்ட்ரெப்டோமைஸினும் வந்தன, பிளேக் ஒடுங்கிற்று. ஒழிந்ததாகச் சொல்வதற்கில்லை, 1994-இல் சூரத்தில் அது தலைகாட்டி நகரையே ஓடவைத்தது. மிருகங்களிலிருந்து மனிதனுக்குத் தாவும் வியாதிகளின் வரிசையில் புதியவைகளும் சேர்ந்துவிட்டன. 1957-இல் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. தொடர்ந்து கிராமத்தார் காய்ச்சலில் விழுந்தனர். உண்ணி கடித்துப் பரவும் அந்நோய் மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து, 2012-இல் நீலகிரி முதுமலைக் குரங்குகளிடம் காணப்பட்டது. பின்னர் வயநாட்டில் மனிதரையும் தாக்கிற்று. அதற்கென வழங்கிவந்த தடுப்பூசி போதிய பலனளிக்கவில்லையென்று 2022-இல் நிறுத்தப்பட்டது. பலனில்லாத மருந்தை நிறுத்தியது சரியே. ஹாப்கின் இருந்திருந்தாலும் கணக்கைப் பார்த்து அதையே செய்திருப்பார். மாற்று மருந்துக்கான முயற்சியில் நம் ஆராய்ச்சி நிலையங்கள் இறங்கியிருக்கின்றன.

அது வருமட்டும் முக்கியமான காவல் ஒன்று: காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் உடனே அறிவிப்பது. அன்று எலி விழுந்ததும் ஊர் எச்சரிக்கை அடைந்ததைப் போன்றதே இதுவும். கம்பத்திலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் நாள்தோறும் விடியுமுன் ஜீப்பேறி, மேற்கு மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலி ஜனங்கள் காட்டோரத்திலேயே பகல் முழுதும் உழைக்கிறார்கள். கால் மூடும் உடை அவர்களில் எத்தனை பேருக்கு உண்டு? உண்ணி கடித்தபின் காய்ச்சல் கண்டால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? இறந்த குரங்கைக் கண்டவர் எந்த அதிகாரியிடம் போக வேண்டும் என்று மலையடிவாரத்துப் பஞ்சாயத்துகளில் எத்தனை இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது? இக்கேள்விகளைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடமும், ஜில்லா சுகாதார அதிகாரிகளிடமும், தோட்ட முதலாளிகளிடமும் பகிரங்கமாகவே கேட்கிறோம். பதில் வந்தால் இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.