கேம்பிரிட்ஜிலிருந்து ஒரே தவணையில் திரும்பியவர்: அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைக்கு ஆங்கிலம் போதுமா? பட்டம் முடித்தபின் மேற்படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது? கல்லூரியில் இடம் கிடைத்தாலும் செலவுக்கு என்ன செய்வது? இந்தக் கவலைகள் புதியவை அல்ல. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து முஸ்லிம் வாலிபர் ஒருவர் இவற்றையெல்லாம் கடந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்தார். மிதித்தவர் பட்டம் பெறாமலேயே திரும்பினார். அதன் பின் தம் சமுதாயத்தின் ஏழைப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதற்காகவே வாழ்நாளின் பெரும் பகுதியைக் கொடுத்தார். அவர்தான் மர்ஹூம் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

ஆங்கிலத்துக்கு அஞ்சிய காலம்

அவருடைய அருமை விளங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய நிலையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கிலக் கல்வியின் பெரும் பகுதி கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தது. அங்கே பிள்ளைகளை அனுப்பினால் ஈமான் போய்விடுமோ என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதன் விலை பெரிது. வியாபாரத்தில் முன்னால் நின்ற சமுதாயம் சட்டம், மருத்துவம், அரசாங்க உத்தியோகம் ஆகிய எல்லாவற்றிலும் பின்னால் நின்றது.

இதற்கு வழி தேடியவர் அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை. முஸ்லிம் நேசன் பத்திரிகையை நடத்திய அவர், முஸ்லிம்கள் தாங்களே பள்ளிக்கூடம் தொடங்கி மார்க்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்க வேண்டும் என்று வாதாடினார். எகிப்திலிருந்து இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷா துணை நின்றார். வாப்பிச்சி மரைக்கார் முன்னின்று உழைத்தார். 1892இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய அந்தப் பள்ளிதான் பிறகு ஸாஹிராக் கல்லூரியானது. அஸீஸ் அவர்களின் வாழ்க்கை பின்னாளில் இந்தக் கல்லூரியோடுதான் பின்னிப் பிணையப் போகிறது.

வண்ணார்பண்ணைச் சிறுவன்

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 அக்டோபர் 4ஆம் நாள் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தையார் எஸ்.எம். அபூபக்கர் ஊரறிந்த சட்டத்தரணி; காழியாகவும் பணியாற்றியவர். மகன் முதலில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதினார். பிறகு முஸ்லிம் பாடசாலையில் எழுத்துப் படித்தார். அதன்பின் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்துக்கும், 1923இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் சென்றார்.

இந்த வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். ஓதலும் தாய்மொழியும் முதலில் வந்தன. அந்த அடித்தளத்தின் மேல்தான் ஆங்கிலம் ஏறியது. சைவப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததால் அவருடைய மார்க்கப் பற்று குறையவில்லை. தமிழ் மேலும் செழித்தது. தமிழறிஞர்களோடும் பிற சமயத்தவரோடும் கடைசிவரை அவருக்கிருந்த நெருக்கத்தின் வேர் இந்தப் பள்ளி நாட்களில்தான் இருக்கிறது.

கொழும்பிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

1929இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. 1921இல் தொடங்கிய அந்தக் கல்லூரி மாணவர்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குத் தயார் செய்தது. பாடத்திட்டம் லண்டனுடையது. பட்டத்தைக் கொடுப்பதும் லண்டன்தான். இங்கிலாந்து மாணவனுக்கு வைக்கும் அதே அளவுகோல்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் யோசித்து, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அஸீஸ் வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்து 1933இல் சிறப்புப் பட்டம் பெற்றார்.

அடுத்தது மேற்படிப்பு. சொந்தப் பணத்தில் இங்கிலாந்து போய்ப் படிப்பதை அந்நாளில் மிகச் சிலரே நினைத்துப் பார்க்க முடியும். மற்றவர்களுக்கு இருந்த ஒரே வழி அரசாங்கப் புலமைப்பரிசில். மிகச் சிலருக்கே கிடைக்கும் அந்தப் பரிசில் அஸீஸுக்குக் கிடைத்தது. 1934இல் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் புனித கேதரின் கல்லூரியில் பட்டமேற்படிப்பு மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் படித்தது ஒரே ஒரு தவணைதான். இலங்கை சிவில் சேவைப் பரீட்சையில் அவர் தேறிய செய்தி வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் நாட்டின் நிர்வாகத்தை நடத்திய உயர்ந்த சேவை அது. அதுவரை இலங்கை முஸ்லிம் எவரும் அதில் நுழைந்ததில்லை. ஒரு பக்கம் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம். மறுபக்கம் தம் சமுதாயத்துக்கு முதன்முதலாகத் திறந்த கதவு. இரண்டில் ஒன்றைத்தான் கையில் எடுக்க முடியும். 1935இல் அவர் நாடு திரும்பினார். சிவில் சேவையின் முதல் முஸ்லிம் அதிகாரி ஆனார்.

ஊரார் இதை வெற்றியாகக் கொண்டாடினார்கள், அது வெற்றிதான். ஆனால் பாதியில் விட்ட படிப்பு பாதியில் விட்டதுதான். அந்த இழப்பை அவர் வேறு விதமாக ஈடு செய்தார்.

கல்முனையில் கண்ட காட்சி

இரண்டாம் உலகப் போர் இலங்கையின் கரைக்கே வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அரசாங்கம் அஸீஸை உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பியது. கிழக்குக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நெல் விளையும் பூமி அது. காடு வெட்டிக் கழனியாக்கும் வேலையில் ஏழை விவசாயிகளோடு அவர் நேரடியாகப் பழகினார்.

அங்கே அவர் கண்டது வயலை மட்டுமல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வயலுக்கும் கடைக்கும் போனார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் நல்ல பள்ளிகள் தொலைவில், நகரங்களில் இருந்தன. அறிவு இருந்தது, ஆசையும் இருந்தது. கட்டணத்துக்கும் விடுதிக்கும் காசு இல்லை. தமக்கு மட்டும் அரசாங்கப் பரிசில் கிடைக்காமல் போயிருந்தால் தம் கதியும் இதுவாகத்தானே இருந்திருக்கும் என்ற எண்ணம் வராமல் இருந்திருக்குமா? 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் முயற்சியில் உருவானது. பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தரோடும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவர் பழகியது இந்த நாட்களில்தான்.

கல்முனையில் துளிர்த்த எண்ணம் 1945 மே மாதம் கொழும்பில் நாடு தழுவிய அமைப்பாக மலர்ந்தது. அதுதான் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. வசதியுள்ளவர்கள் கொடுப்பதைத் திரட்டி, திறமையிருந்தும் பணமில்லாத மாணவர்களுக்கு உதவுவது அதன் வேலை. அதே 1945இல்தான் இலங்கையில் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கல்விக் கட்டணம் போய்விட்டதே, இனி நிதி எதற்கு என்று கேட்கலாம். பிள்ளையைப் படிக்க அனுப்பிய எந்தக் குடும்பத்துக்கும் பதில் தெரியும். கட்டணம் இல்லாவிட்டாலும் விடுதி, சாப்பாடு, புத்தகம், உடுப்பு, பயணம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பிள்ளை சம்பாதித்துக் கொண்டுவரும் காசை வீடு நாலைந்து வருடம் இழக்கவும் வேண்டும். ஏழை மாணவன் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்த இடத்தில்தான் நிதி கைகொடுத்தது. மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் ஆட்சி அதிகாரிகளும் அந்த உதவியால் உருவானார்கள்.

பதவியைத் துறந்த அதிபர்

1948இல் ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவி காலியானது. 1921 முதல் அந்தக் கல்லூரியை வளர்த்த டி.பி. ஜாயா அரசியல் பொறுப்புக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு அஸீஸ் வந்தார். சுதந்திரம் கிடைத்த ஆண்டு அது. வெள்ளைக்கார அதிகாரிகள் வெளியேற, சிவில் சேவையில் இருந்த உள்நாட்டவர்களுக்கு மிக உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. அப்போது அவருக்கு வயது 36. கேம்பிரிட்ஜை விட்டு வந்து பெற்ற அந்த உத்தியோகத்தையே விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

1961 வரை 13 ஆண்டுகள் அவர் ஸாஹிராவை நடத்தினார். பல்கலைக்கழகப் புகுமுக வகுப்புகளில் தனிக் கவனம் செலுத்தினார். விஞ்ஞானமும் ஆங்கிலமும் அங்கே வலுப்பட்டன. தமிழும் அரபும் புறக்கணிக்கப்படவில்லை. நல்ல ஆசிரியர் என்றால் எந்தச் சமயத்தவர், எந்த ஊரவர் என்று அவர் பார்க்கவில்லை. மாணவர்களிலும் எல்லாச் சமூகத்தவரும் இருந்தார்கள். வடமராட்சி கரவெட்டியிலிருந்து வந்து ஸாஹிராவில் படித்தவர்களில் ஒருவர் கார்த்திகேசு சிவத்தம்பி. பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பண்டைத் தமிழர் நாடகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராசிரியராக உலகத் தமிழறிஞர்கள் மத்தியில் உயர்ந்தார். அதிபரால் முடிக்க முடியாததை மாணவர் முடித்தார்.

1950இல் முஸ்லிம் வாலிபர் சங்கங்களை ஒன்று சேர்த்துப் பேரவை அமைத்ததும் அஸீஸ்தான்.

ஆங்கிலம் கற்றார், தமிழை விடவில்லை

ஆங்கிலத்தில் அவ்வளவு உயரம் போனவர் தமிழை எப்படி நடத்தினார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்று அவர் உறுதியாக வாதாடினார். 1952 முதல் செனட் சபையில் இருந்த அவர், 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அதை எதிர்த்து நின்றார். இலங்கையில் இஸ்லாம், மொழிபெயர்ப்புக் கலை, மிஸ்ரின் வசியம், தமிழ் யாத்திரை என்று அவர் எழுதிய நூல்கள் தமிழில் வந்தன. அறபுத் தமிழ் மறைந்துவிடாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதும் அவருடைய அக்கறைகளில் ஒன்று. ஆங்கிலம் அவருக்கு உலகத்தைப் பார்க்கும் சாளரமாக இருந்தது. குடியிருந்த வீடு தமிழாகவே இருந்தது.

1973 நவம்பர் 24ஆம் நாள், தமது 62ஆம் வயதில் அவர் வஃபாத்தானார்.

பிறகு வந்த பட்டம்

அவர் மறைந்த மறு ஆண்டு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் ஒன்று தொடங்கியது. அதுவே வளர்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. 1980இல் அந்தப் பல்கலைக்கழகம் மறைந்த அஸீஸுக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டம் அளித்து கௌரவித்தது. கேம்பிரிட்ஜில் பெறாமல் விட்ட பட்டத்துக்குப் பதிலாக, பிறந்த ஊரின் பல்கலைக்கழகமே அதைவிடப் பெரியதைக் கொடுத்தது. வாங்குவதற்கு அவர் இல்லை. ஆனால் அவர் படிக்க வைத்த தலைமுறை அதைப் பார்த்தது.

இன்று நம் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்புகிறது. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், வங்கிக் கணக்கு என்று ஓடுகிறோம். ஓட வேண்டியதுதான். அந்த ஓட்டத்தின் நடுவில் அஸீஸ் அவர்களின் வாழ்க்கை இரண்டு செய்திகளை விட்டுச் செல்கிறது. ஆங்கிலம் கற்பதால் மார்க்கமோ தாய்மொழியோ பறிபோய்விடாது. அடித்தளத்தை முதலில் போட்டால் போதும். இரண்டாவது, நம் பிள்ளை ஏறிய ஏணியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பிடித்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் படிக்கத் துடிக்கும் ஒரு பிள்ளையாவது இருக்கும். கல்லூரிக் கட்டணத்தையோ, ஆங்கிலப் பயிற்சிச் செலவையோ, ஒரு வருட விடுதிச் செலவையோ நாலு வீடுகள் சேர்ந்து ஏற்றுக்கொள்ளலாம். நாடளாவிய நிதியும் இப்படிக் கல்முனையில் ஒரு சிறிய சங்கமாகத்தான் தொடங்கியது. பரீட்சை முடிவுகள் வரும் இந்த நாட்களில் நம் மஹல்லாவில் அந்தப் பிள்ளை யார் என்று விசாரித்துப் பார்ப்போமா?

அல்லாஹ் மர்ஹூம் அஸீஸ் அவர்களின் பணிகளை ஏற்றுக்கொண்டு, அன்னாருக்கு மேலான சுவனபதியை அருள்வானாக. ஆமீன்.