நம்பிக்கை மருத்துவர் சாமன்ஹோஃப்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்வோர் காதில் தமிழுடன் தெலுங்கும் உருதும் இந்தியும் விழும். துறைமுகத் தொழிலாளரும் சரக்குப்பெட்டக வண்டி ஓட்டுநரும் காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்போரும் தத்தம் மொழியோடு பிறர் மொழியிலும் சில சொற்களைக் கலந்து பேசித் தம் வேலையை முடித்துக்கொள்கின்றனர். இதைப் போன்றே பல மொழிகள் வழங்கிய ஒரு தொழில் நகரில், ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமையே பகைக்கு வித்து என்று கருதினான் ஒரு சிறுவன். அவன் பெயர் லுத்விக் சாமன்ஹோஃப். பின்னாளில் எஸ்பரான்டோ என்னும் மொழியை உருவாக்கி, அதற்கு இலக்கணமும் வகுத்தவர் அவரே.

சாமன்ஹோஃப் 1859ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பியாலிஸ்டாக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று போலந்தில் உள்ள அந்நகரம் அன்று உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. நெசவாலைகள் நிறைந்த அவ்வூரில் யூதரும் போலந்தியரும் உருசியரும் ஜெர்மானியரும் தனித்தனிக் கூட்டமாக வாழ்ந்தனர். தந்தை மார்க்குஸ் மொழியாசிரியர், கண்டிப்பானவர். 1873இல் குடும்பம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் பயின்ற சாமன்ஹோஃப், இறந்த மொழிகளுள் ஒன்றை மீட்டெடுத்தால் போதும் என்று முதலில் எண்ணினார். அவற்றின் இலக்கணச் சுமையை உணர்ந்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். தெருவிலிருந்த உருசியப் பெயர்ப்பலகைகளில் ஒரே விகுதி வெவ்வேறு சொற்களின் இறுதியில் வருவதைக் கண்டபோது அவருக்கு வழி பிறந்தது. சில பகுதிகளும் சில ஒட்டுகளும் இருந்தால் ஆயிரக்கணக்கான சொற்களை ஆக்கலாம் அல்லவா?

1878இல் பள்ளித் தோழர்களோடு தம் மொழியின் முதல் வடிவத்தைக் கொண்டாடினார். அடுத்த ஆண்டு மருத்துவம் பயில மாஸ்கோ சென்றார். மகனின் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சிய தந்தை, அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளை எரித்துவிட்டதாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. திரும்பி வந்த மகன் நினைவிலிருந்தே அனைத்தையும் மீண்டும் எழுதினார். பிறமொழி நூல்களைப் பெயர்த்துப் பார்த்து, இடறிய இடங்களைச் செப்பனிட்டார். இதனால் மொழி முன்னினும் செம்மையுற்றது என்றே கொள்ளலாம்.

கண் மருத்துவரான சாமன்ஹோஃப் 1887இல் தம் நூலை வார்சாவில் வெளியிட்டார். அவ்வாண்டே அவரை மணந்த கிளாராவின் தந்தை அச்சுச் செலவுக்கு உதவினார். நம்பிக்கை கொண்டவர் என்னும் பொருளில் மருத்துவர் எஸ்பரான்டோ எனப் புனைபெயர் இட்டுக்கொண்டார். நாளடைவில் அதுவே மொழிக்குப் பெயராயிற்று. இலக்கணம் முழுவதும் 16 விதிகளில் அடங்கியது.

அவ்விலக்கணத்தின் அமைப்பு தமிழ் மாணவருக்கு வியப்பளிக்கும். பெயர்ச்சொல் அனைத்தும் ஓகாரத்தில் முடியும். பெயரடை அகரத்தில் முடியும். கற்றல் என்னும் பொருளுடைய லெர்ன் என்ற பகுதியோடு அஸ் சேர்த்தால் நிகழ்காலம், இஸ் சேர்த்தால் இறந்தகாலம், ஓஸ் சேர்த்தால் எதிர்காலம். நமக்கு இறந்தகாலம் ஒன்றிற்கே த், ட், ற், இன் என இடைநிலைகள் பல. நம் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். அங்கோ அவன் கற்றான், அவள் கற்றாள், அவர்கள் கற்றார்கள் என எல்லாவற்றிற்கும் லெர்னிஸ் என்பதே போதும். செயப்படுபொருளை ன் என்னும் ஈறு காட்டும். எனவே, தந்தை மகனை, மகனைத் தந்தை என்று நாம் சொற்களை இடம் மாற்றினும் பொருள் மாறாதது போலவே அங்கும் மாறாது.

மருத்துவமனையைக் குறிக்கும் மல்சனுலேயோ என்னும் சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணம் காண்பது போலப் பிரித்துப் பாருங்கள். மல் எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டு. சன் நலம் என்னும் பகுதி. உல் ஆளையும் ஏய் இடத்தையும் குறிக்கும். ஓ பெயர் விகுதி. நலமற்றவர் இருக்கும் இடம் எனப் பொருள் கிடைக்கிறது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளிலிருந்தே வந்தவை. பாரிசு மாணவருக்குப் பல சொற்கள் முன்பே பழகியவை. நம் மாணவரோ ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்க வேண்டும். அனைவருக்கும் சமதூரத்தில் நிற்கும் மொழி என்று இதனைச் சொல்ல இயலாது.

தாம் படைத்த மொழியின்மீது உரிமை எதுவும் வேண்டாம் என்று முதல் நூலிலேயே அவர் அறிவித்தது குறிப்பிடத்தக்கது. 1894இல் சிலர் திருத்தங்கள் வேண்டினர். அவரே திருத்த வரைவைத் தந்து, இதழ் வாசகரிடம் வாக்கெடுப்புக்கு விட்டார். பெரும்பான்மையோர் பழைய வடிவமே போதும் என்றனர், அவரும் இசைந்தார். அதே ஆண்டு ஹாம்லெட் நாடகத்தை எஸ்பரான்டோவில் பெயர்த்து வெளியிட்டார். பொதுவாக இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னும் தோன்றும். இம்மொழியில் முறை மாறியது.

மொழித்தொண்டு வருவாய் தரவில்லை. வார்சாவின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்த்தே அவர் குடும்பத்தைக் காத்தார். 1905இல் பிரான்சின் புலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. 20 நாடுகளைச் சேர்ந்த 688 பேர் மொழிபெயர்ப்பாளர் இன்றி உரையாடினர். மறு ஆண்டு சூன் திங்களில் பியாலிஸ்டாக்கில் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அவர் பிறந்த ஊர் அது. ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் அக்கொடுமையைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். இனவெறியை மொழியால் மட்டும் போக்க முடியாது என்பதை அவர் அறியாதவர் அல்லர். மொழியோடு ஒரு பொது அறநெறியும் வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். அடுத்துச் சில ஆண்டுகளில் அன்பர்களுள் ஒரு சாரார் பிரிந்து ஈடோ என்னும் திருத்திய மொழிக்கு மாறினர்.

1914 ஆகஸ்டில் பாரிசு மாநாட்டுக்குப் புறப்பட்டவரை முதல் உலகப்போர் இடைவழியில் கொலோன் நகரில் மறித்தது. இதயம் நலிந்திருந்த நிலையில் 1917 ஏப்ரல் 14 அன்று வார்சாவில் அவர் காலமானார். அவருடைய பிள்ளைகள் மூவர். மருத்துவரான ஆதாம் 1940இல் ஜெர்மானிய நாசிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவரான சோஃபியாவும், நாடு நாடாகச் சென்று தந்தையின் மொழியைக் கற்பித்த லிடியாவும் 1942இல் திரெப்ளிங்கா கொலைமுகாமில் உயிரிழந்தனர்.