திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

புத்தகப் பையுடன் பள்ளிக்குப் புறப்படுவது நமக்கு அன்றாட நிகழ்ச்சி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அது அத்தனை எளிதாக வாய்க்கவில்லை.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சிறிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தை ஊரார் ஏற்கவில்லை. அந்த ஏளனம் குழந்தைகளையும் தொடர்ந்தது.

பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் பெண்ணுக்குப் போதும் என்று எண்ணிய காலம் அது. முத்துலட்சுமியோ வகுப்பில் முன்னணியில் நின்றார். ஆனால் அவர் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. வயது வந்த பெண் வாசற்படி தாண்டலாகாது என்பது அன்றைய கட்டுப்பாடு. ஆகவே வீடே பள்ளியாயிற்று. தந்தையும் ஆசிரியர்களும் பாடம் சொல்லித்தர, 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். உடல்நலமும் கண்பார்வையும் குன்றிய பெண் இதைச் சாதித்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தாய்க்கு மகளைக் காலத்தில் மணமுடித்துத் தரவேண்டும் என்ற கவலை. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தம் பிறப்பைச் சொல்லி ஊர் பேசியதைக் கேட்டவர், மகளாவது மதிப்போடு வாழட்டும் என்றுதானே விரும்பியிருப்பார்! மகளோ மேலே படிக்க ஆசைப்பட்டார். வீட்டில் மனவருத்தம் நேர்ந்தது. எனினும் மகள் தம் எண்ணத்தை விடவில்லை.

அடுத்த தடை மகாராஜா கல்லூரியில் எழுந்தது. அங்கே படித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. ஒரு பெண், அதிலும் இந்தக் குலத்துப் பெண், தங்கள் பிள்ளைகளோடு உட்காருவதா என்று பெற்றோர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். 1904இல் முத்துலட்சுமி கல்லூரியில் சேர்ந்தார். மாணவர்கள் காணாதபடி திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். அவர்களுக்குக் கேட்ட அதே பாடம் அவருக்கும் கேட்டது!

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, அறுவை மருத்துவத்தில் சிறந்து விளங்கி, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே அவர் குரல் எழுப்பினார். அதற்கான முழுமையான சட்டம் 1947இல்தான் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை அவர் மறக்கவேயில்லை; அவரது அயராத உழைப்பால் அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. 1968இல் அவர் மறைந்தார்.

பதவிகளைவிட 1930ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே என் நெஞ்சில் நிற்கிறது. பொட்டுக் கட்டும் வாழ்வை வெறுத்த சிறுமியர் சிலர் அவருடைய வீட்டு வாசலுக்கு வந்து நின்றனர். அவர்களுடைய குலத்தைக் கேட்டு, மாணவியர் விடுதிகள் இடம்தர மறுத்தன. இந்தக் கேள்வி அவருக்குப் புதியதா என்ன? தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். படிக்கவும் வழிசெய்தார். அடையாறு ஔவை இல்லம் தொடங்கியது அப்படித்தான்.